காஜா பையன் இல்லாத கடை

அப்பா விருத்தாசலத்தில் தையல் கடை வைத்திருந்தார். மூன்று மெஷின், ஒரு கட்டிங் டேபிள், வாசலை ஒட்டி ஒரு மர பெஞ்ச். அந்த பெஞ்சில் எப்போதும் ஒரு காஜா பையன் உட்கார்ந்திருப்பான். சட்டைக்குப் பட்டன் துளை போட்டு, அதன் ஓரத்தை ஊசி நூலால் சுற்றித் தைப்பதுதான் காஜா எடுப்பது. அதோடு பட்டன் வைப்பான், பேண்ட் ஹெம்மிங் செய்வான், டீ வாங்கி வருவான். ஒன்றரை வருஷம், இரண்டு வருஷம் இப்படியே போகும். அப்புறம் ஒரு நாள் அப்பா, "டேய், அந்தக் காலரைத் தச்சுப் பாரு" என்பார். கத்தரிக்கோல் அவன் கைக்கு வர அதற்கு மேலும் பல வருஷம் ஆகும்.

படிப்பை விட்டுவிட்டு வந்த பையன்கள் அவர்கள். அந்தப் பகுதியை நான் கொண்டாடவில்லை, இன்று அப்படி ஒரு பையனைப் பார்த்தால் பள்ளிக்கு அனுப்பத்தான் சொல்வேன். ஆனால் அந்த பெஞ்சில் நடந்தது வெறும் எடுபிடி வேலை இல்லை என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் புரிந்தது. இரண்டு வருஷத்தில் ஆயிரக்கணக்கான சட்டைகள் அவன் மடியில் வந்து போயிருக்கும். எந்தத் துணி பிசிறு விடும், எந்தத் துணி துவைத்தால் சுருங்கும், எந்த வாடிக்கையாளர் எதற்காகச் சட்டையைத் திருப்பிக் கொண்டுவந்தார் என்பதெல்லாம் யாரும் சொல்லிக்கொடுக்காமலே அவனுக்குள் போயிருக்கும்.

பிறகு கடைத்தெருவில் ஒருவர் காஜா மெஷின் வாங்கிப் போட்டார். சட்டைக்கு இவ்வளவு என்று கொடுத்தால் பத்து நிமிஷத்தில் காஜா முடிந்துவிடும். அப்பாவுக்கு நிஜமாகவே சந்தோஷம். வேலை சுத்தமாக இருந்தது, செலவும் குறைந்தது. பெஞ்ச் காலியானது. சில வருஷம் கழித்து அப்பாவுக்குக் கண் மங்கியபோது கத்தரிக்கோலைக் கொடுக்க ஆள் இல்லை. ரெடிமேட் வந்ததும் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. இருந்தாலும் அப்பா கடைசிவரை ரெடிமேடைக் குறை சொன்னதில்லை. "காஜா பையன் வராம போனப்பவே கடை முடிஞ்சுபோச்சு" என்றுதான் சொல்வார்.

நான் 2004இல் சென்னையில் மென்பொருள் வேலைக்கு வந்தேன். இப்போது நாற்பது பேர் கொண்ட ஒரு குழுவுக்குப் பொறுப்பு. வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவருக்காக, மக்களிடமிருந்து மின்கட்டணம், தண்ணீர்க் கட்டணம் வசூலிக்கும் மென்பொருளைக் கவனித்துக்கொள்கிறோம். செயற்கை நுண்ணறிவுக் காலத்தில் திறமையான ஆட்களை எப்படி உருவாக்குவது, எப்படி வழிநடத்துவது என்று எங்கள் துறையில் வாரத்துக்கு ஒரு கூட்டம் நடக்கிறது. நானும் போகிறேன். அங்கே உட்கார்ந்திருக்கும்போதெல்லாம் அந்த மர பெஞ்ச்தான் எனக்கு நினைவுக்கு வருகிறது. ஏன் என்று சொல்ல ஒரு சம்பவத்தைச் சொல்லியாக வேண்டும்.

எங்கள் குழுவில் ஒரு பெண் இருக்கிறாள். வேலைக்குச் சேர்ந்து அப்போது ஏழு மாதம். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, அவள் வீட்டிலேயே முதல் பட்டதாரியாக வந்தவள். அலுவலகத்தில் எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்பது விதி. அவளுக்கு வாய் வராது, என்னை அக்கா என்பாள். அவளிடம் ஒரு டிக்கெட், அதாவது தீர்க்க வேண்டிய பிரச்சினை ஒன்று, போனது. பணம் செலுத்தும் வங்கிப் பக்கத்திலிருந்து சில நேரம் பதில் வர தாமதமாகிறது, அதனால் வாடிக்கையாளர் திரையில் பிழைச்செய்தி வருகிறது, சரி செய்யவும் என்பதுதான் விஷயம். நிறுவனம் எல்லோருக்கும் ஏஐ உதவியாளர் கொடுத்திருக்கிறது. அவள் பிரச்சினையைச் சொன்னாள், அது நிரல் எழுதிக் கொடுத்தது. பதில் வராவிட்டால் மூன்று முறை மறுபடி முயற்சி செய் என்று. சுத்தமான நிரல். அந்த நிரல் சரியாக ஓடுகிறதா என்று பார்க்கும் டெஸ்ட்களையும் அதுவே எழுதியது. எல்லாம் பாஸ். ரிவ்யூவுக்கு, அதாவது படித்துச் சரிபார்க்க, என்னிடம் வந்தது, நானும் சரி என்று ஒப்புதல் கொடுத்தேன்.

யுபிஐ பயன்படுத்துகிற எவருக்கும் இந்த அனுபவம் இருக்கும். மளிகைக்கடையில் பணம் அனுப்புவோம், சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும், கடைக்காரர் வரவில்லை என்பார். நம் கணக்கிலோ பணம் போயிருக்கும். பதில் வரவில்லை என்பதற்குப் பணம் போகவில்லை என்று அர்த்தம் இல்லை. அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் தனி எண் கொடுத்து, "இந்த எண்ணில் பணம் ஏற்கெனவே வந்துவிட்டதா?" என்று கேட்ட பிறகே மறுபடி அனுப்புவார்கள். எங்கள் நிரல் கேட்கவில்லை. மாதக் கடைசியில் நெரிசல் அதிகமானபோது, இருநூற்றுக்கும் மேற்பட்ட வீடுகளில் இரண்டு முறை பணம் எடுத்துவிட்டோம். சில வீடுகளில் மூன்று முறை.

பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம், மன்னிப்புக் கடிதம் போனது. அதற்கடுத்த நாள் அவளோடு உட்கார்ந்து பேசினேன்.

"டெஸ்ட் எல்லாம் பாஸ் ஆச்சுக்கா."

"டெஸ்ட்டை யாரும்மா எழுதினாங்க?"

"அதுவும் அதேதான் எழுதிச்சு."

அவள் அழவில்லை. அவள் அடுத்துச் சொன்னதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. "பதில் வராமலே பணம் போயிருக்கலாம்னு எனக்குத் தோணவே இல்லக்கா. யாருக்கு எப்படித் தோணும்?"

எனக்கு எப்படித் தெரியும் என்று யோசித்துப் பார்த்தேன். 2005இல் இரவுப்பணியில் இருந்தேன். பில் அனுப்பும் ஒரு வேலை பாதியில் நின்றுபோனது போலத் தெரிந்தது. அவசரப்பட்டு முதலிலிருந்து மறுபடி ஓட்டினேன். அது நிற்கவே இல்லை, மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. காலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு இரண்டு பில் போயிருந்தது. என் சீனியர் திட்டவில்லை. கேன்டீனில் ஒரு டிஷ்யூ பேப்பரில் படம் போட்டார். இங்கே நீ, அங்கே சர்வர், நடுவில் இருட்டு. இருட்டுக்குள் என்ன நடந்தது என்று தெரியாமல் அடுத்த அடி வைக்கக் கூடாது என்றார். அவரிடம் போன் பண்ணி உதவி கேட்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு. நோட்டில் மூன்று விஷயம் எழுதியிருக்க வேண்டும்: பார்த்தது, நினைத்தது, செய்து பார்த்தது. மூன்றையும் எழுதிய பிறகு பாதி நேரம் போன் பண்ண அவசியமே இருக்காது.

இரவில் லாக், அதாவது மென்பொருள் தானே எழுதிவைக்கும் பதிவுகளைப் படிப்பது, யாரும் விரும்பாத சின்னச் சின்னப் பிழைகளைத் தீர்ப்பது, மற்றவர் எழுதிய பழைய நிரலைத் தடவித் தடவிப் புரிந்துகொள்வது, இவைதான் எங்கள் காஜா. இவற்றைக் கற்பித்தல் என்று யாரும் நினைக்கவில்லை, பயிற்சித் திட்டத்தில் எழுதிவைக்கவும் இல்லை. மலிவான வேலை, புதிதாக வந்தவர்களிடம் தள்ளிவிட்டார்கள், அவ்வளவுதான். அதன் கூடவே ஒரு பள்ளிக்கூடம் இலவசமாக நடந்துகொண்டிருந்தது. இப்போது அந்த வேலைகளைத்தான் ஏஐ முதலில் எடுத்துக்கொண்டிருக்கிறது.

அந்தப் பெண்ணுக்குத் திறமை குறைவு என்று நான் ஒரு நொடிகூட நினைக்கவில்லை. அவளுக்கு ஏஐ செய்த நன்மையையும் சொல்ல வேண்டும். வந்த புதிதில் வாடிக்கையாளருக்கு நாலு வரி ஆங்கில மின்னஞ்சல் எழுத அரை நாள் தவிப்பாள். எனக்கும் அந்த வயதில் அதே தவிப்பு இருந்தது, கூட்டத்தில் வாய் திறக்கவே ஒரு வருஷம் ஆனது. இப்போது அவள் தமிழில் யோசித்து எழுதியதைக் கருவி ஆங்கிலத்தில் திருத்திக் கொடுக்கிறது. மற்றவர்களிடம் கேட்கக் கூச்சப்படும் கேள்விகளை அதனிடம் தயங்காமல் கேட்கிறாள். நகரத்துப் பள்ளியில் படித்தவர்களோடு அவளுக்கு இருந்த தூரத்தை அது குறைத்திருக்கிறது. இதைப் பார்த்தபின் ஏஐயே வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

ஆய்வும் இதையே சொல்கிறது. பொருளாதார அறிஞர் எரிக் பிரின்யோல்ஃப்சனும் இன்னும் இருவரும் 2023இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு மென்பொருள் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் 5,000க்கும் மேற்பட்டவர்களின் வேலையை ஆராய்ந்தார்கள். ஏஐ உதவியாளர் கிடைத்தவர்கள் ஒரு மணி நேரத்தில் தீர்த்த பிரச்சினைகள் சராசரியாக 14 சதவீதம் கூடின. புதியவர்களுக்கும் திறன் குறைந்தவர்களுக்கும் 34 சதவீதம். நன்றாகத் தெரிந்தவர்களுக்குப் பெரிய மாற்றம் இல்லை. இந்த எண்களைக் காட்டி "பாருங்கள், இனி அனுபவமே தேவையில்லை" என்று ஒரு கூட்டத்தில் பேசினார்கள். அவர்கள் விட்டுவிட்ட விஷயம் ஒன்று இருக்கிறது. அந்தக் கருவி தன் ஆலோசனைகளை எங்கிருந்து கற்றது? அந்த நிறுவனத்திலேயே நன்றாக வேலை செய்தவர்களின் பழைய உரையாடல்களிலிருந்து. தேர்ந்தவர்களின் கைப்பக்குவத்தை எடுத்துப் புதியவர்களுக்குப் பரிமாறியது. நல்லதுதான். அடுத்த தலைமுறைத் தேர்ந்தவர்கள் எங்கிருந்து வருவார்கள் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

அதே பிரின்யோல்ஃப்சன், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மற்ற இருவரோடு சேர்ந்து, 2025 ஆகஸ்டில் அமெரிக்கச் சம்பளப் பதிவுகளை ஆராய்ந்து எழுதியது எனக்கு இன்னும் கவலை தருகிறது. ஏஐ அதிகம் புகுந்த வேலைகளில் 22 முதல் 25 வயதுள்ளவர்களின் வேலைவாய்ப்பு, மற்றவர்களோடு ஒப்பிட, 13 சதவீதம் சரிந்திருக்கிறது. அதே வேலைகளில் வயதில் மூத்தவர்களுக்கு அந்தச் சரிவு இல்லை. அதாவது கத்தரிக்கோல் பிடித்தவர் பத்திரமாக இருக்கிறார், பெஞ்ச் காலியாகிறது.

நம் ஊரிலும் பெஞ்ச் சுருங்கியதை எண்களில் பார்க்கலாம். 2021-22 நிதியாண்டில் இன்ஃபோசிஸ் எடுத்த ஃப்ரெஷர்கள் 85,000 பேர். 2023-24இல் 11,900 பேர். இதை முழுக்க ஏஐ தலையில் கட்டுவது நேர்மை ஆகாது. கொரோனாக் காலத்தில் அளவுக்கு மீறி ஆள் எடுத்தார்கள், அப்புறம் வெளிநாட்டில் செலவைக் குறைத்தார்கள். இருந்தாலும் எங்கள் துறை நின்றதே பிரமிடு மேல்தான். கீழே நிறைய ஃப்ரெஷர்கள், மேலே போகப் போக ஆள் குறைவு. கீழ்ப்படியில் ஆள் குறைந்தால் இந்த வருஷக் கணக்கு அழகாகத் தெரியும். ஏழெட்டு வருஷம் கழித்து நடுவில் நிற்க வேண்டியவர்கள் இருக்க மாட்டார்கள். அமேசானின் கிளவுட் பிரிவுத் தலைவர் மேட் கார்மனே 2025 ஆகஸ்டில் இதைக் கேட்டார். ஜூனியர்களை ஏஐயால் மாற்றிவிடலாம் என்பது தான் கேட்டதிலேயே படு முட்டாள்தனமான பேச்சுகளில் ஒன்று, பத்து வருஷம் கழித்து எதையும் கற்ற ஆளே இல்லாமல் எப்படி நடத்துவீர்கள் என்றார். ஏஐ விற்கிற நிறுவனத்தில் உட்கார்ந்துகொண்டு அவர் அதைச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

சரி, என் தவறுக்கு வருகிறேன். அவளுக்குத் தெரியாது, எனக்குத் தெரியுமே. தெரிந்தும் எப்படி விட்டேன்?

அன்றைக்கு மதியத்துக்குள் நான் பதினான்கு ரிவ்யூ பார்த்திருந்தேன். முன்பெல்லாம் நாளுக்கு நாலைந்து வரும். ஏஐ வந்ததும் எழுதும் வேகம் கூடியது, அதைப் படித்துச் சரிபார்க்கும் கண்கள் கூடவில்லை. கருவி எழுதுகிற நிரல் பார்வைக்கு ஒழுங்காக இருக்கும். மாறிகளுக்கு நல்ல பெயர், குறிப்புகள், இடைவெளி, எல்லாம் சீராக இருக்கும். ஒரு புதியவர் கையால் எழுதியிருந்தால் எங்கே தடுமாறினார் என்பது அந்த எழுத்திலேயே தெரியும், நானும் அங்கே நின்று பார்த்திருப்பேன். இது எங்குமே தடுமாறவில்லை, என் கண் வழுக்கிக்கொண்டு போய்விட்டது.

போலந்தில் நடந்த ஒரு ஆய்வு இதற்குப் பக்கத்தில் வருகிறது. நான்கு மையங்களில் பெருங்குடலை உள்நோக்கிக் கருவியால் பரிசோதிக்கும் மருத்துவர்களுக்கு ஏஐ உதவி கொடுத்தார்கள். ஒவ்வொருவரும் 2,000க்கும் மேல் பரிசோதனை செய்தவர்கள், கற்றுக்குட்டிகள் இல்லை. ஏஐ வருவதற்கு முன் 28.4 சதவீதப் பரிசோதனைகளில் அடினோமா என்ற, புற்றுநோயாக மாறக்கூடிய கட்டிகளைக் கண்டுபிடித்தார்கள். ஏஐ பழகிய சில மாதங்களில், அது இல்லாமல் செய்த பரிசோதனைகளில் அது 22.4 சதவீதமாக இறங்கியிருந்தது. 2025இல் லான்செட் குழும இதழில் வந்தது. ஒரே ஆய்வை வைத்து எல்லாவற்றையும் முடிவு செய்யக் கூடாதுதான். ஆனால் கைதேர்ந்தவர்களின் கண்ணே மந்தமாகலாம் என்றால், கண்ணே இன்னும் திறக்காதவர்களின் நிலை என்ன? கொலனோஸ்கோப்பி செய்கிற என் பள்ளித் தோழி ஒருத்தியிடம் இதைச் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை. வாரத்தில் ஒரு நாள் திரையில் ஏஐ கட்டியைச் சுட்டிக்காட்டும் அந்தப் பச்சைக் கட்டத்தை அணைத்துவிட்டுத்தான் ஜூனியர்களோடு வேலை செய்கிறேன் என்றாள்.

அதிலிருந்துதான் எனக்கு யோசனை வந்தது. எங்கள் தொழிலில் 'ஷேடோ' என்று ஒரு பழைய வழக்கம் உண்டு. ஒரு சீனியரின் நிழலாக ஒரு ஜூனியரை வைப்போம். சீனியரின் நேரத்துக்கு வாடிக்கையாளரிடம் பில்லிங் உண்டு, அதாவது காசு வாங்குவோம், ஷேடோவுக்குக் கிடையாது. ஷேடோ பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார், கேட்பார், கற்பார். செலவைக் குறைக்கும்போது முதலில் அடிபடுவதும் ஷேடோதான். எங்கள் குழுவில் மூன்று வருஷமாக ஒரு ஷேடோவும் இல்லை. ஏஐ வந்த பிறகு அந்தப் பேச்சே எழவில்லை. எல்லோர் பக்கத்திலும்தான் ஒரு உதவியாளர் உட்கார்ந்திருக்கிறதே!

நான் இரண்டு ஷேடோ கேட்டேன். இரவில் பிரச்சினை வந்தால் உடனே பார்க்க வேண்டிய ஆன்-கால் பணியில் ஒரு பெயருக்குப் பதில் இரண்டு பெயர். என் மேலதிகாரி மோசமானவர் இல்லை, அவருக்கும் ஒரு எக்செல் ஷீட் இருக்கிறது. "ஏஐ வந்து ஆள் குறையணும்னு மேலே எதிர்பார்க்கிறாங்க, நீங்க கூட்டச் சொல்றீங்களே" என்றார். இரட்டை வசூலைச் சரிசெய்ய எத்தனை பேர் எத்தனை மணி நேரம் உட்கார்ந்தோம் என்ற கணக்கைக் காட்டினேன். ஆறு மாதத்துக்குச் சம்மதித்தார். பட்ஜெட்டில் எந்தத் தலைப்பில் போடுவது என்றே ஒரு வாரம் ஓடியது.

வழிநடத்துவது என்றால் தொலைநோக்கு, மாற்றம் என்று மேடையில் பேசுகிறார்கள். எனக்கு அது பெரும்பாலும் இந்த எக்செல் ஷீட்டில் ஒரு வரிக்காகப் போராடுவதாகத்தான் தெரிகிறது. கற்றுக்கொள்ள ஆகும் நேரத்துக்கு இனிமேல் யாராவது காசு கொடுத்தாக வேண்டும். முன்பு அது மலிவான வேலைக்குள் ஒளிந்திருந்தது, யாரும் கேட்கவில்லை. இப்போது அது தனியாக வெளியே தெரிகிறது, தெரிவதால் வெட்டுகிறார்கள். வெட்டவிடாமல் நிற்பது எங்களைப் போன்ற நடு அடுக்கில் இருப்பவர்களின் வேலை. அந்த நடு அடுக்கின் தலைமேலும் கத்தி தொங்குகிறது என்பது வேறு. 2025 ஜூலையில் டிசிஎஸ் சுமார் 12,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தபோது, அதில் பெரும்பகுதி நடு, மேல் அடுக்குகள் என்று சொன்னார்கள். ஏஐ காரணம் இல்லை என்றும் சொன்னார்கள். ஓஎம்ஆரில் அந்த வாரம் டீக்கடையில் நின்றவர்களுக்குக் காரணம் முக்கியமாகப் படவில்லை. நாற்பத்திநாலு வயதில், வீட்டுக்கடன் பாக்கியோடு, நானும் அந்த வாரம் என் பயோடேட்டாவைத் திறந்து பார்த்தேன். பயந்து போனவர்களால் அடுத்தவருக்குக் கற்றுக்கொடுக்க முடியாது, தெரிந்ததை இறுக்கிப் பிடித்துக்கொள்ளத்தான் தோன்றும். இதை மேலே இருப்பவர்கள் புரிந்துகொண்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

எங்கள் குழுவில் பன்னிரண்டு வருஷமாகக் கையால் டெஸ்டிங் செய்துவந்த ஒருவர் இருக்கிறார். தானியங்கி டெஸ்ட் வந்ததிலிருந்தே அவர் வேலை ஆட்டத்தில் இருந்தது, ஏஐ வந்ததும் மனசுக்குள் விடைபெற்றுக்கொண்டே இருந்தார். இரட்டை வசூல் நடந்த மறுநாள் டீ குடிக்கும்போது, "இந்த மாதிரி 2016லயும் ஒண்ணு நடந்ததே மேடம்" என்றார். அவரை உட்காரவைத்து, இந்த மென்பொருளில் என்னவெல்லாம் தப்பாகப் போகலாம் என்று எழுதச் சொன்னேன். மூன்று நாளில் நூற்றுக்கு மேல் எழுதினார். மாதம் 28 நாளோடு முடியும்போது என்ன ஆகும், வாடிக்கையாளர் இறந்த பிறகு வாரிசு பணம் கட்டும்போது என்ன ஆகும், ஒரே வீட்டுக்கு இரண்டு மீட்டர் இருக்கும்போது என்ன ஆகும். எந்தக் கருவிக்கும் தெரியாத பட்டியல், ஏனென்றால் எங்கேயும் எழுதி வைக்கப்படாதது. இப்போது ஏஐ எழுதும் ஒவ்வொரு டெஸ்ட்டும் அந்தப் பட்டியலைத் தாண்டித்தான் போக வேண்டும். அவருடைய பதவிப்பெயரை இன்னும் மாற்ற முடியவில்லை, அந்தச் சண்டை நடந்துகொண்டிருக்கிறது.

ஆள் எடுக்கும் முறையையும் கொஞ்சம் மாற்றினேன். முன்பு நேர்காணலில் நிரல் எழுதச் சொல்வோம். இப்போது ஏஐ எழுதிய ஒரு நிரலைக் கொடுத்து, "இதைப் ப்ரொடக்ஷனில் போடலாமா?" என்று, அதாவது மக்கள் பயன்படுத்தும் மென்பொருளில் சேர்க்கலாமா என்று கேட்கிறோம். வேண்டுமானால் ஏஐயிடமும் கேட்டுக்கொள்ளலாம், தடை இல்லை. பலர் எழுத்துப்பிழை தேடுவது போல வரிவரியாகப் பார்க்கிறார்கள். திருவண்ணாமலைப் பக்கம் ஒரு கல்லூரியிலிருந்து வந்த தம்பி ஒருவன் நிரலைப் பார்ப்பதற்கு முன், "சார், இது நின்னுபோனா யாருக்கு என்ன ஆகும்?" என்று கேட்டான். பதட்டத்தில் என்னை சார் என்று கூப்பிட்டதை அவன் கவனிக்கவில்லை. அவனை எடுத்தோம்.

மதிப்பீட்டில் எத்தனை டிக்கெட் முடித்தார் என்ற எண்ணிக்கைக்கு இருந்த எடையைக் குறைத்தேன். ரிவ்யூவில், "இது ஏன் இப்படி?" என்ற கேள்விக்கு எழுதியவர் தன் வாயால் பதில் சொல்ல வேண்டும். "ஏஐ சொன்னது" என்பது பதில் ஆகாது. 2024 பிப்ரவரியில் ஏர் கனடா விமான நிறுவனத்தின் மேல் வந்த வழக்கில் அந்த நாட்டுத் தீர்ப்பாயம் சொன்னதை இதற்காகவே குழுவுக்கு ஒருமுறை விளக்கினேன். அந்த நிறுவனத்தின் இணையதளத்து உரையாடல் கருவி, பாட்டி இறந்த துக்கத்துக்குப் பயணம் போன ஒருவருக்கு, கட்டணச் சலுகையைப் பிறகு கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று தவறாகச் சொல்லிவிட்டது. வழக்கு வந்தபோது, கருவியின் செயலுக்குக் கருவியே பொறுப்பு, அது தனி அமைப்பு என்கிற அளவுக்கு நிறுவனம் வாதாடியது. தீர்ப்பாயம் ஏற்கவில்லை, பணத்தைக் கொடு என்றது. எங்கள் இரட்டை வசூலிலும் அப்படித்தான். கருவி எழுதியது, அந்தப் பெண் அனுப்பினாள், நான் ஒப்புதல் கொடுத்தேன். வாடிக்கையாளருக்குப் போன விளக்கத்தில் என் பெயரைத்தான் போட்டேன். அவள் பெயரைப் போடச் சொல்லி ஒரு யோசனை வந்தது, நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஏழு மாத அனுபவத்தில் ஒருவர் செய்த பிழைக்கு அவரைக் காட்டிக் கொடுத்தால், அடுத்த தடவை பிழை நடக்கும்போது யாரும் வந்து சொல்ல மாட்டார்கள்.

எல்லாம் சரியாக நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். வியாழக்கிழமை மதியம் ஏஐ இல்லாமல் பிழை தேடுவது என்று ஒரு ஏற்பாடு செய்தேன். முதல் இரண்டு வாரம் எல்லோருக்கும் எரிச்சல். "கால்குலேட்டர் இருக்கும்போது வாய்ப்பாடு எதுக்கு?" என்று ஒருவர் நேராகவே கேட்டார், நியாயமான கேள்வி. விடை பத்து மடங்கு பிசகியிருந்தால் கால்குலேட்டர் தட்டியவருக்கே உறுத்த வேண்டும், அந்த உறுத்தலுக்காகத்தான் என்றேன். அவர் முழுக்க ஒத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. வாடிக்கையாளர் கெடு நெருங்கிய வாரங்களில் வியாழக்கிழமையை நானே ரத்து செய்திருக்கிறேன். எத்தனை வாரம் இது தாக்குப்பிடிக்கும் என்று பார்க்க வேண்டும்.

போன மாதம் அந்தப் பெண் முதன்முதலாக இரவு ஆன்-காலில் முதல் பெயராக இருந்தாள். ஷேடோவாக, திருவண்ணாமலையிலிருந்து வந்த அந்தத் தம்பி. இரவு ஒன்றே முக்காலுக்கு வங்கிப் பக்கத்தில் பதில் நின்றது. என் போன் அடிக்கவில்லை. காலையில் வந்து பார்த்தால் மேசையில் ஒரு நோட்டு இருந்தது. அவன் கையெழுத்தில் மூன்று தலைப்பு: பார்த்தது, நினைத்தது, செய்து பார்த்தது. 'நினைத்தது' என்பதன் கீழே, பணம் போகவில்லை, மறுபடி அனுப்பலாம் என்று முதலில் எழுதியிருக்கிறான். அவள் அதை அடிக்கவில்லை. பக்கத்தில் பச்சைப் பேனாவால் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டிருக்கிறாள். அதற்குக் கீழே அவனே, நாற்பது நிமிஷம் கழித்து என்று நேரம் குறித்து, "பணம் போயிருக்கிறது. பதில்தான் வரவில்லை" என்று எழுதியிருந்தான்.

ஏஐயிடம் கேட்டிருந்தால் இரண்டு நிமிஷத்தில் அந்த வரி கிடைத்திருக்கலாம். அந்த நாற்பது நிமிஷத்துக்கு பில்லிங் கிடையாது.

ஆறு மாதம் இந்த மாதத்தோடு முடிகிறது. ரோஸ்டரில் எதற்கு இரண்டு பெயர் என்று நிதிப் பிரிவிலிருந்து மின்னஞ்சல் வந்தது. நோட்டின் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து, இரட்டை வசூல் கணக்கோடு சேர்த்து, இன்னும் ஒரு வருஷம் வேண்டும் என்று பதில் எழுதி அனுப்பியிருக்கிறேன். அங்கிருந்து இன்னும் ஒன்றும் வரவில்லை.